70களின் கொழும்பு: தரம் 10 செயற்றிட்டத்துக்கு வீட்டுப் பெரியவர்களிடம் என்ன கேட்க வைப்பது?

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். இந்தத் தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு "1970களில் எங்கள் வீட்டு வாழ்க்கை" என்று ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறேன். 1972 அரசியலமைப்பு, 1978 அரசியலமைப்பு என்று பாடமாக்கி எழுதும் பிள்ளைகள், அந்த இரண்டுக்கும் நடுவில் தங்கள் அம்மம்மா எதைச் சாப்பிட்டு எந்த பஸ்ஸில் போனார் என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறு எந்தப் பத்தாண்டையும் எடுக்காமல் 70களை எடுத்ததற்குக் காரணம், இவர்களுடைய தாத்தா பாட்டிமார் அப்போது பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் இருந்திருப்பார்கள், இன்றைக்கு அனேகம் பேர் இருக்கிறார்கள், பேசக்கூடியவர்களாகவும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்க ஆளிருக்காது.

முதல் வரைவுகள் வந்துவிட்டன. பாதிப் பேர் இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அதை விடுங்கள், அது எப்போதும் நடப்பது. என் கவலை, உண்மையாகவே போய்க் கேட்டு எழுதிய பிள்ளைகளைப் பற்றியது. ஒரு மாணவனின் கொப்பியில் "உங்கள் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேள்வி, கீழே "கஷ்டம், ஆனால் சந்தோஷமாக இருந்தோம்" என்று பதில். அவ்வளவுதான். அடுத்த கொப்பியும் அதே. ஒரு மாணவி மட்டும் குசினியில் அம்மம்மாவோடு நின்றுகொண்டு "இந்த அடுப்புக்கு முதல் என்ன அடுப்பு, அதற்கு முதல் என்ன" என்று கேட்டிருக்கிறாள், அவளுக்கு இரண்டு பக்கம் நிறைய வந்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிக் கிடைக்க கேள்விகளை எப்படி அமைக்கலாம்? பெரியவர்கள் சொன்னதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கலாம்? அப்புறம் 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். இந்த வகுப்பில் அது நடக்காத வீடு குறைவு. அதைக் கேட்கச் சொல்வதா, தொடாமல் விடுவதா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

டீச்சர், நானும் நீண்ட காலம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். "எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு எழுபது வயது மனிதர் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் ஏலாது. பொருளைக் கேட்க வேண்டும். அந்த மாணவி அடுப்பைப் பிடித்தது போல ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள்: பாண், மண்ணெண்ணெய், சீனி, பாடசாலைச் சீருடைத் துணி, ரேடியோ, பஸ், கடிதம், பங்கீட்டுக் கூப்பன் புத்தகம். எங்கே வாங்கினீர்கள், யார் போய் வாங்கியது, கிடைக்காத நாளில் என்ன செய்தீர்கள். கிடைக்காத நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

இரண்டாவது விஷயம், 70களை ஒரே காலமாக எடுக்க வேண்டாம். 1970 மே தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி வந்ததில் இருந்து 1977 ஜூலையில் அந்த ஆட்சி தோற்கும் வரை ஒரு உலகம், அதற்குப் பிறகு வேறு உலகம். முதல் பகுதியில் வெளிநாட்டுச் செலாவணி இல்லை, இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து 1973இல் எண்ணெய் விலை ஏறியது, உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலையும் ஏறியது. அதனால்தான் கியூ, அதனால்தான் பங்கீட்டு அரிசி குறைந்தது, அதனால்தான் ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோனால் வீதியில் மறித்துச் சோதித்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் சில நாட்கள் சோறு விற்கக் கூடாது என்றும் இருந்தது. பிறகு 1977 நவம்பரில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஒரு டொலர் சுமார் 8 ரூபாயாக இருந்தது சுமார் 16 ரூபாயானது. 1979இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

ஆகவே ஒரு பாட்டி "கடையில் ஒன்றுமே இல்லை" என்கிறார், இன்னொரு தாத்தா "கடை நிறையச் சாமான், வாங்கத்தான் காசில்லை" என்கிறார் என்றால் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆண்டு மட்டும் வேறு. ஆனால் "அது எந்த ஆண்டு?" என்று நேரே கேட்டால் அவர்களுக்கு ஞாபகம் வராது. அதற்கு வகுப்பிலேயே ஒரு பிரிஸ்டல் போர்டில் ஆண்டு வாரியாகப் பெரிய சம்பவங்களை எழுதித் தொங்கவிடுங்கள். 1970இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கியது, 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் ஊரடங்கும், 1972 மே 22 குடியரசு, 1973இல் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் திறந்தது, 1976 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாடு, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 1979 ஏப்ரலில் முதல் தொலைக்காட்சி. பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் "அணிசேரா மாநாட்டுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்கட்டும். குடும்ப விஷயங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், "பெரியம்மா பிறந்தபிறகா" என்று கேட்டால் பாட்டிமார் மாதத்தோடு சொல்வார்கள்.

இன்னொன்று, இது முக்கியம். பிள்ளைகளுக்கு விசித்திரமாகத் தெரிகிற பதிலைப் பிழை என்று வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போனோம்" என்று ஒரு தாத்தா சொல்லலாம். 1966இல் இருந்து 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறை போயா தினங்களை ஒட்டித்தான் வந்தது. சந்திரனின் கணக்குப்படி லீவு நாள் ஒவ்வொரு வாரமும் மாறும், ஞாயிறு சாதாரண வேலை நாளாகிவிடும். அதே மாதிரி ஒருவர் "நான் ஓ.எல். எடுக்கவில்லை, என்.சி.ஜி.இ. எடுத்தேன்" என்பார். 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு சாதாரண தரத்தை எடுத்துவிட்டுத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்று ஒரு பரீட்சை கொண்டுவந்தார்கள், 77க்குப் பிறகு வந்த அரசாங்கம் பழையதையே திருப்பிக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஓ.எல். எழுதப்போகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் ஆர்வமாகக் கேட்பார்கள்.

கொச்சிக்கடை அக்கா:

தங்கச்சி, நல்ல வேலை செய்கிறீர்கள். நான் 1974இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்து எழுதுகிறேன்.

பாணுக்கு இருட்டோடு எழும்பிப் போக வேண்டும். பேக்கரி கதவு திறக்க முதலே தெரு முனை வரை ஆட்கள். வீட்டில் மூத்தவர் போய் இடம் பிடிப்பார், விடிந்ததும் அடுத்தவர் போய் மாறி நிற்பார், மூத்தவர் வந்து முகம் கழுவிப் பள்ளிக்கூடம் போவார். ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கணக்கு இருந்ததால் இரண்டு பேர் நின்றால் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நிற்போம். சில நாள் எங்களுக்கு முன்னால் நிற்கிறவரோடு பாண் முடிந்துவிடும். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தேங்காய்ச் சம்பல், இல்லாவிட்டால் குரக்கன். சீனி தட்டுப்பாடான நாளில் தேத்தண்ணியில் சீனி போட்டுக் கலக்க மாட்டோம், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு வாய் குடிக்கிறது, நுனி நாக்கால் ஒரு தொடுகை தொடுகிறது. அம்மா அந்தச் சீனியை எங்களுக்குப் பங்கு வைக்கும்போது கரண்டியின் பின்பக்கத்தால் தட்டையாக வழிப்பார், ஒருவருக்குக் கூடி ஒருவருக்குக் குறையக் கூடாது என்று. தனக்கு எடுத்ததை நான் பார்த்ததில்லை.

இதை நான் எழுதியது என்னத்துக்கு என்றால், "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்டால் நாங்கள் "ஓம், கஷ்டம்தான்" என்று சொல்லி முடித்துவிடுவோம். "யார் கியூவில் நின்றது? வீட்டில் யாருக்கு முதலில் சாப்பாடு போட்டார்கள்? கடைசியில் சாப்பிட்டது யார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்போது எல்லாம் வெளியே வரும். இன்னொரு விஷயம், தாத்தாவும் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பாட்டிக்கும் சேர்த்துத் தாத்தாவே பதில் சொல்லிவிடுவார். பாட்டியைத் தனியாகப் பிடிக்க வேண்டும். கறி வெட்டும் நேரம் நல்ல நேரம்.

ரேடியோவையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில்தான் நல்ல ரேடியோ. அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளரின் குரலைக் கேட்டவுடனேயே ஆளைச் சொல்லுவோம். அந்தக் காலத்தில் இலங்கை வானொலிக்குத் தமிழ்நாட்டில் இருந்தும் கடிதம் எழுதினார்கள். யாருடைய ரேடியோ, யார் திருகியைத் திருப்பலாம், பெண் பிள்ளைகள் எங்கே இருந்து கேட்டார்கள், இப்படிக் கேட்டால் அந்தத் தெருவே வந்துவிடும்.

77 பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது, நான் இன்னும் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: கேள்வித்தாளில் அதைப் போட வேண்டாம். ஆனால் பெரியவர் தானாகச் சொல்லத் தொடங்கினால் பிள்ளை அதை மறித்து அடுத்த கேள்விக்குப் போகவும் கூடாது. அப்போது பேனாவை வைத்துவிட்டு, பதிவை நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். முடிந்த பிறகு "இதை எழுதலாமா?" என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். பெற்றோருக்கும் முதலே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், சில வீடுகளில் பெற்றோருக்கே அந்தக் கதை தெரியாமல் இருக்கலாம், பிள்ளையின் முன்னால் முதல் தடவை கேட்பது அவர்களுக்கும் பாரம்.

பழம்பத்திரிகை:

ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போகலாம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது என் ஆர்வம்.

மிக இலகுவானது, பழைய தமிழ் வெளியீடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் "நூலகம்" என்ற இணையத்தளம். வீட்டில் இருந்தே பார்க்கலாம், காசில்லை. பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது பாடசாலை மலர்களும் கோயில் கும்பாபிஷேக மலர்களும். அவற்றின் கடைசிப் பக்கங்களில் புறக்கோட்டைக் கடைகளின் விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். எந்தத் தெருவில் என்ன வியாபாரம், யாரிடம் தொலைபேசி இருந்தது, என்ன பொருளை "வந்துவிட்டது" என்று பெருமையாக விளம்பரப்படுத்தினார்கள், எல்லாம் அங்கே. நேரே போவதென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, 1942இல் தொடங்கிய சங்கம். விகாரமாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம், அங்கே பழைய பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, ஆனால் முழு வகுப்பையும் கூட்டிப் போக முதல் அவர்களோடு பேசிக்கொள்ளுங்கள்.

பத்திரிகையைக் கொடுத்தால் பிள்ளைகள் தலைப்புச் செய்தியைத்தான் படிப்பார்கள். அதை மாற்ற வேண்டும். விளம்பரம், திருமண விளம்பரம், வேலை வெற்றிடம், வானொலி நிகழ்ச்சி நிரல், தொலைந்துபோன பொருள் அறிவித்தல், வாசகர் கடிதம். வாழ்க்கை இருப்பது அங்கேதான்.

பத்திரிகை சொல்லாததையும் பிள்ளைகள் அறிய வேண்டும் டீச்சர், அவர்கள் தரம் 10, விளங்கிக்கொள்வார்கள். 1971இல் இருந்து 1977 தொடக்கம் வரை நாட்டில் அவசரகால நிலை, செய்தித் தணிக்கையும் இருந்தது. 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசாங்கம் எடுத்தது, தினகரன் அதற்குள் வரும். 1974இல் தினபதி, சிந்தாமணி பத்திரிகைகள் வெளிவந்த நிறுவனத்துக்கே சீல் வைத்து 1977 வரை மூடிவைத்தார்கள். ஆகவே அம்மம்மா சொல்லும் கியூ அன்றைய பத்திரிகையில் இல்லை என்றால் அம்மம்மா பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் அவர்கள் இன்றைக்கு போனில் பார்க்கிற செய்தியையும் வேறு மாதிரிப் படிப்பார்கள்.

விலைகளைப் பற்றியும் ஒரு சொல். "பாண் எத்தனை சதம்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிடுவார்கள். விலையைத் தனியாக எழுத விடாதீர்கள். அதே ஆளிடம் அந்த வருஷம் அவருடைய சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு என்றும் கேட்டு, ஒரு றாத்தல் பாணுக்கு எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போட வையுங்கள், இன்றைய விலைக்கும் அதே கணக்கு. மத்திய வங்கி ஆண்டறிக்கைகளில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் இருக்கிறது, கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் அதையும் பயன்படுத்தலாம். 1971, 1981 குடிசன மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 1 கோடி 27 இலட்சத்தில் இருந்து 1 கோடி 48 இலட்சமாகிறது. வீடுகளுக்கு வெளிச்சம் எதில் வந்தது என்ற அட்டவணையும் அதில் உண்டு. நாடு முழுக்கப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்குத்தான். கொழும்புப் பிள்ளைக்கு அது ஒரு அதிர்ச்சி.

வீட்டு உறுதிகளையும் மறக்க வேண்டாம். 1973இல் வீட்டு உடைமைக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்தது. பல வீடு வைத்திருந்தவர்களின் மிஞ்சிய வீடுகள் குடியிருந்தவர்களுக்குப் போகும் வழி அதனால் திறந்தது. இன்றைக்குக் கொழும்பில் சொந்த வீட்டில் இருக்கும் சில குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது, வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்களின் கதையும் அங்கேதான்.

அட்டன் கொழும்பு:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் நல்லதுதான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் டீச்சர் ஒன்றை யோசிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் எங்கள் மலையகப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி 70களில் கொழும்பிலேயே இருந்திருக்க மாட்டார்கள். "எங்கள் வீட்டு வாழ்க்கை" என்று கொழும்பு கியூவையும் வானொலியையும் மட்டும் எதிர்பார்த்தால் அந்தப் பிள்ளை தன் வீட்டில் கேட்டதை ஒளித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து எழுதும். நான் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் 1973, 74 என்றால் பாண் கியூ இல்லை, பட்டினி. அரிசியும் மாவும் குறைந்தது, வேலை நாளும் குறைந்தது, காசு கொடுத்து வெளியில் வாங்க வழியில்லை. 1974இல் தோட்டங்களில் சாவு கூடியது பதிவில் உள்ள விஷயம். பிச்சைக்கு டவுனுக்கு இறங்கியவர்களைப் பற்றி எங்கள் அப்பாயி சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும், இன்றைக்கும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவனுக்கு ஒரு துண்டு நிலமும் வரவில்லை. அதே காலத்தில்தான் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளி ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒரே வீட்டில் அண்ணன் போவார், தம்பி இருப்பார். 1974இல் இந்திரா காந்தியோடு செய்த ஒப்பந்தத்தில் மீதி ஒன்றரை இலட்சம் பேரை இரண்டு நாடும் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள், ஆளுக்கு 75,000.

ஆகவே "1970இல் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது, கொழும்புக்கு எப்போது, ஏன் வந்தது?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். எல்லோருக்கும் அதே கேள்வி, அப்போது எந்தப் பிள்ளையும் தனித்துத் தெரியாது. கொழும்பில் பரம்பரையாக இருப்பதாக நினைக்கிற பிள்ளைகளுக்கும் அதிலே புதினம் இருக்கும். எங்கள் வீடுகளில் பெட்டிக்கு அடியில் பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், அக்கரையில் இருந்து வந்த கடிதம் என்று வைத்திருப்பார்கள். அவற்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம், தொலைந்தால் திரும்பக் கிடைக்காது, போட்டோ எடுத்தாலும் இலக்கங்களை மறைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து, எந்த வருஷம் என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

நாலாம் குறுக்குத்தெரு:

கொஞ்சம் மாறுபட்ட கதையும் வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் அப்பா 70களில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், மிளகாய் கமிஷன் கடையில் இருந்தவர், ஊர் சுன்னாகம் பக்கம். அவரிடம் அந்தக் காலத்தைக் கேட்டால் முகம் மலரும். இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை. லொறி லொறியாகக் கொழும்புக்கு வந்து இறங்கும். கிணற்றுக்கு மெசின் வாங்கியவர்கள், கல்வீடு கட்டியவர்கள், தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தவர்கள் எல்லாம் அந்தச் சில வருஷங்களில்தான். 77க்குப் பிறகு இறக்குமதி வந்ததும் விலை விழுந்தது.

ஆனால் அதே வீட்டில் சித்தப்பாவிடம் கேட்டால் வேறு கதை. 1971இல் இருந்து பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது, தமிழ்மொழி மாணவருக்குக் கூடுதல் புள்ளி கேட்ட முறை, புள்ளி இருந்தும் அவருக்கு இடமில்லை. அண்ணனுக்கு நல்ல காலம், தம்பிக்குக் கதவு மூடிய காலம், ஒரே கூரையின் கீழே.

அதனால் டீச்சர், ஒரு பிள்ளை ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேரிடம், முடிந்தால் வயது வித்தியாசம் உள்ளவர்களிடம். பதில்கள் முரண்பட்டால் அதைச் சமாளித்து ஒன்றாக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வையுங்கள், ஏன் முரண்படுகிறது என்று யோசித்து எழுதுவதற்குப் புள்ளி கொடுங்கள்.

வெள்ளவத்தை டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொச்சிக்கடை அக்கா, கரண்டியின் பின்பக்கத்தால் சீனியை வழித்ததைப் படித்து எழும்பிப் போய் என் அம்மாவிடம் கேட்டேன், அவரும் அப்படித்தான் என்கிறார், எனக்கு இது வரை தெரியாது. உங்கள் அனுமதியோடு அந்தப் பந்தியை வகுப்பில் வாசித்துக் காட்டலாமா? பிள்ளைகளுக்கு ஒரு பதில் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட இதைவிட நல்லது கிடைக்காது.

அட்டன் தம்பி, நீங்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. முதல் கேள்வியை அப்படியே மாற்றுகிறேன், தலைப்பிலும் கொழும்பு என்ற சொல் வராது. ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள், வீட்டில் இரண்டு பேர், சுவரில் ஆண்டு அட்டவணை. 77ஐக் கேள்வித்தாளில் வைக்கவில்லை, பெற்றோருக்குக் கடிதம் போகிறது, அதிபரிடமும் பேசிவிட்டேன்.

மிச்சம் ஒரு கேள்வி. பிள்ளைகள் எல்லோரும் போனில் பதிவு செய்ய ஆசைப்படுகிறார்கள். பதிவு முடிந்த பிறகு அவற்றை என்ன செய்வது?

கரும்பலகை:

பதிவு செய்யட்டும், எழுதும்போது சொல் விடுபடாது. ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பதிவின் தொடக்கத்திலேயே பெரியவர் "பதிவு செய்யலாம்" என்று தன் குரலில் சொல்லட்டும். ஒப்படையில் பெயர் வேண்டாம், பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, 70களில் எந்த ஊர், என்ன தொழில், இவ்வளவு போதும். பிள்ளை எழுதி முடித்ததும் சொன்னவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும், அவர் மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும், அப்படி வாசிக்கும்போது அனேகமாக இன்னும் இரண்டு விஷயம் புதிதாகச் சொல்வார். குரல் பதிவு அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், பாடசாலை எழுத்துப் பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். "நூலகம்" இணையத்தள ஆட்களிடம் கொடுக்கலாமா என்பதைக் குடும்பங்கள் சம்மதித்தால் பிறகு பார்க்கலாம். போன் இல்லாத பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையைச் சோடியாகப் போடுங்கள், ஒருவர் கேட்க ஒருவர் குறிப்பெடுக்கட்டும்.

கொச்சிக்கடை அக்கா:

தாராளமாக வாசியுங்கள் தங்கச்சி. கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகள் யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். நானும் என் சிநேகிதிகள் சிலரும் ஞாயிறு பின்னேரம் கோயில் முடிந்து ஒன்றாகத்தான் இருப்போம். பிள்ளைகள் டீச்சரோடு வந்தால் இருந்து பேசலாம்.